கண்ணாடி உலகமா, கிளைக் காலக்கோடா? ஸ்டார் ட்ரெக் வாக்குவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடர்களைப் பார்க்கிற நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் ஒரு மாற்று உலகத்தில் குறுந்தாடி வைத்து வரும் ஸ்போக்கிடம் வந்து நிற்கும். அங்கிருந்து 2009 படத்தில் தொடங்கிய கெல்வின் டைம்லைன் என்ற மாற்றுக் காலக்கோட்டுக்குத் தாவும், அப்புறம் "அதெல்லாம் கேனானே (அதிகாரபூர்வக் கதையே) இல்லை" என்று ஒருவர் குரலை உயர்த்துவார், அதோடு அன்றைய பேச்சு கெட்டுவிடும். எனக்கு இந்தத் தொடர்கள் மேல் இருக்கும் பிரியத்தில் சொல்கிறேன், இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை தேவையே இல்லாதவை. ஒருவர் பேசுவது ஒரு வகை மாற்று உலகத்தைப் பற்றி, மற்றவர் பதில் சொல்வது வேறொரு வகையைப் பற்றி. இருவருமே சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள், ஆனால் விடிய விடியப் பேசினாலும் முடிவுக்கு வராது.

ஆகவே முதல் தவறு, எல்லா மாற்று உலகங்களையும் ஒரே மூட்டையில் கட்டுவது. ஸ்டார் ட்ரெக் திரையில் காட்டியவை குறைந்தது மூன்று வகை.

ஒன்று, பக்கத்து வீடு மாதிரி எப்போதும் கூடவே இருக்கும் உலகம். 1967 அக்டோபரில் வந்த 'மிரர், மிரர்' எபிசோடில் என்டர்பிரைஸ் கப்பலின் கேப்டன் கிர்க், அவர் குழுவினர் மெக்காய், ஸ்காட்டி, உஹூரா நால்வரும் அயனிப் புயலுக்கு நடுவே, ஆளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டரில் வரும்போது போய்ச் சேர்கிறார்களே, அந்தக் கண்ணாடி உலகம் இந்த வகை. அங்கே நம் பக்கத்துக் கோள்களின் அமைதியான கூட்டமைப்புக்குப் பதில் கொடூரமான டெரன் பேரரசு. அங்கே நம்மவர்கள் மாட்டிக்கொண்டு விழிக்கும் அதே நேரத்தில், இங்கே வந்து விழுந்த அந்த ஊர்க் கிர்க்கை நம் ஸ்போக் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார். இரண்டு வீட்டிலும் ஒரே சமயத்தில் விளக்கு எரிகிறது.

இரண்டாவது, சிலேட்டை அழித்து எழுதுவது போன்றது. 1990 பிப்ரவரியில் வந்த 'யெஸ்டர்டேஸ் என்டர்பிரைஸ்' இதற்கு நல்ல உதாரணம். பழைய கப்பலான என்டர்பிரைஸ்-சி 22 ஆண்டு முன்னோக்கி வந்துவிட்டதால் கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்தோடு போர் மூண்டு, பிற்காலக் கேப்டன் பிக்கார்டின் என்டர்பிரைஸே போர்க்கப்பலாகிவிடுகிறது. அந்தக் கப்பலில் யாருக்கும் பழைய வாழ்க்கை நினைவில் இல்லை, கைனன் என்ற பெண்ணுக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று உள்ளுக்குள் உறுத்துகிறது. என்டர்பிரைஸ்-சி திரும்பிப் போனதும் அந்த வரலாறு அழிந்துபோகிறது.

மூன்றாவது, மரம் கிளை விடுவது போன்றது. 2009 படத்தில் ரோமுலன் இனத்து நீரோவின் நராடா கப்பல் 2387லிருந்து 2233க்கு வந்து விழுந்து, கிர்க்கின் அப்பா இருந்த கெல்வின் கப்பலை அழித்ததும் ஒரு புது வரலாறு பிரிந்து போகிறது. பழையது அழியவில்லை.

இந்த மூன்றில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலிலேயே கேட்டுவிட்டால் பாதி வாக்குவாதம் ஆரம்பிக்கும் முன்பே முடிந்துவிடும். "கெல்வின் படங்கள் பழைய ஸ்டார் ட்ரெக்கையே அழித்துவிட்டன" என்ற கோபத்தை இன்னும் கேட்கிறேன். அந்தக் கோபம் மூன்றாம் வகையை இரண்டாம் வகை என்று எடுத்துக்கொண்டதால் வந்தது. 2020ல் வந்த 'பிக்கார்ட்' தொடர், நீரோவின் தாய்க்கோளான ரோமுலஸ் அழிந்த பிறகு பழைய காலக்கோட்டில் என்ன நடந்தது என்றுதான் கதை சொல்கிறது. அதே ஆண்டு 'டிஸ்கவரி' தொடரின் மூன்றாம் சீசனில் கோவிச் என்ற பாத்திரம், ஒரு ரோமுலன் சுரங்கக் கப்பலின் காலத் தாவலால் உண்டான மாற்று உலகத்திலிருந்து வந்த யோர் என்ற போர்வீரனைப் பற்றிப் பேசுகிறார். பெயர் சொல்லாமல் கெல்வினைத்தான் சொல்கிறார். அது தனியாக இருக்கிறது, இதுவும் இருக்கிறது என்பதற்குத் திரையிலேயே இவ்வளவு இருக்கிறது.

அழித்து எழுதினால் ஒன்றுமே மிஞ்சாது என்று நினைப்பதும் தவறு. போர் நடந்த அந்த வரலாற்றில் உயிரோடு இருந்த டாஷா என்ற அதிகாரி, என்டர்பிரைஸ்-சியில் ஏறிக் கடந்த காலத்துக்குப் போய்விடுகிறாள். அடுத்த ஆண்டே சேலா என்ற ரோமுலன் தளபதி வந்து நிற்கிறாள், அச்சு அசல் டாஷாவின் முகம், அவளுடைய மகள். வரலாறு போய்விட்டது, அதில் வாழ்ந்தவளின் பிள்ளை இருக்கிறாள். தொடர் முழுக்க எனக்கு மிகப் பிடித்த முடிச்சுகளில் இது ஒன்று.

சரி, எல்லோரும் செய்கிற தவறுக்கு வருகிறேன். "கண்ணாடி உலகம் 2063ல்தான் பிரிந்தது" என்பது. இதை நானும் பல வருடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன். காரணம் புரிகிறது. 'என்டர்பிரைஸ்' தொடரில் 2005 ஏப்ரலில் வந்த 'இன் எ மிரர், டார்க்லி' இரண்டு பாக எபிசோடின் முதல் காட்சி அப்படி. மனிதர்கள் 2063ல் வல்கன் என்ற வேற்றுக்கிரக இனத்தை முதன்முதலில் சந்திக்கும், 1996 படத்தின் கடைசிக் காட்சி அப்படியே ஓடுகிறது. வல்கன் கப்பல் இறங்குகிறது, முக்காடு விலகுகிறது, வல்கன் கையை உயர்த்தி வணக்கம் சொல்கிறார். படத்தில் அவரை வரவேற்கும் மனித விஞ்ஞானி ஸெஃப்ரம் காக்ரேன் கைகுலுக்குவார். இங்கே கோட்டுக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிறார், கூட்டம் கப்பலைக் கொள்ளையடிக்க ஓடுகிறது. இதைப் பார்த்ததும் இங்கேதான் பாதை பிரிந்தது என்று மனம் தானாக முடிவு கட்டிவிடுகிறது.

ஆனால் அடுத்து ஓடும் டைட்டிலைக் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். வழக்கமான டைட்டிலில் மனிதனின் ஆராய்ச்சிப் பயணங்கள் வரும். இதில் போர்களும் குண்டுகளும் வருகின்றன, நிலாவில் இறங்கியவர் நடும் கொடியில் பூமியைக் குத்தி நிற்கும் வாள், அதாவது பேரரசின் சின்னம். நிலாவில் கால் வைப்பது 2063க்கு எவ்வளவோ முந்தையது. இரண்டாம் பாகத்தில் இன்னொரு சின்ன இடமும் இருக்கிறது, பலர் கவனிக்காமல் தாண்டிப் போவது. நம் உலகத்திலிருந்து வந்து சேர்ந்த டிஃபையன்ட் கப்பலின் நூலகத்தைப் புரட்டிய அந்த ஊர் டாக்டர் ஃப்ளாக்ஸ், அந்த உலகத்துக் கதைகளில் மனிதர்கள் பலவீனமாகவும் இரக்கமாகவும் இருக்கிறார்கள், ஷேக்ஸ்பியர் மட்டும்தான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருண்டு கிடக்கிறார் என்கிறார். இலக்கியமே வேறாக வளர்ந்திருக்கிறது என்றால் வேர் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். 2063ல் காக்ரேன் சுட்டது அந்த உலகத்தின் குணத்தால் நடந்த காரியம், அந்தக் குணம் அவரிடமிருந்து தொடங்கவில்லை. 1996 படத்தில் வரும் போர்க் என்ற எதிரி இனம் காலத்தில் பின்னோக்கி வந்ததால்தான் அவர் மிரண்டு சுட்டார் என்று ஒரு ரசிக விளக்கமும் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் திரையில் அதற்கு ஒரு வரிகூட ஆதாரம் இல்லை.

இதோடு ஒட்டி வரும் கேள்வி, "நூற்றாண்டுகளாக வரலாறு வேறு என்றால் அதே ஆட்கள் எப்படிப் பிறந்தார்கள், அதே கப்பலில் எப்படிச் சேர்ந்தார்கள்?" நியாயமான கேள்விதான். ஆனால் கிளைக்குரிய விதியைப் பக்கத்து வீட்டுக்குப் போட்டுப் பார்ப்பதால் வரும் கேள்வி இது. கண்ணாடி உலகம் நம்மிடமிருந்து பிரிந்தது என்று 1967 எபிசோட் சொல்லவே இல்லை, பிரதிபலிப்பு என்பதுதான் அதன் அடிப்படை. அந்தப் பிரதிபலிப்பும் முழுமையில்லை. 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் நாயகன் சிஸ்கோவின் மகன் ஜேக்குக்கு அங்கே இணை கிடையாது, ஜேக்கின் அம்மாவுக்கு இணையான அந்த ஊர் ஜெனிஃபர் தனக்குப் பிறக்காத பிள்ளையை வந்து பார்க்கிறாள். நம் பக்கம் வெறும் ஹாலோகிராமாக இருக்கும் விக் ஃபான்டேன் என்ற பாடகர் அங்கே ரத்தமும் சதையுமாக வந்து சுடப்பட்டுச் சாகிறார்.

அடுத்தது 240 ஆண்டுக் கணக்கு. 'மிரர், மிரர்' கடைசியில் டிரான்ஸ்போர்ட்டர் அறையில், நேரம் நழுவிக்கொண்டிருக்கும்போது கிர்க் தாடிக்கார ஸ்போக்கிடம் கேட்கிறார், இந்தப் பேரரசுக்கு எதிராகப் புரட்சி வர எவ்வளவு காலமாகும் என்று. சுமார் 240 ஆண்டு என்கிறார் ஸ்போக். எப்படியும் விழப்போகிற ஒன்றுக்காக இவ்வளவு உயிரை ஏன் வீணாக்குகிறாய், நீயே இதை மாற்று என்கிறார் கிர்க். யோசித்துப் பார்ப்பதாக ஸ்போக் சொல்கிறார், காட்சி முடிகிறது. 1994ல் 'டீப் ஸ்பேஸ் நைன்' அந்த உலகத்துக்குத் திரும்பிப் போகும்போது ஒரு நூற்றாண்டு அளவுதான் கடந்திருக்கிறது, பேரரசு ஏற்கெனவே விழுந்துவிட்டது. ஸ்போக் தலைமைக்கு வந்து சீர்திருத்தம் செய்தார், ஆயுதத்தைக் குறைத்தார், கிளிங்கான்-கார்டாசியன் கூட்டணி புகுந்து பிடித்துக்கொண்டது, மனிதர்கள் சுரங்கத் தாது உடைக்கும் அடிமைகள். உடனே "240 எங்கே, 100 எங்கே, கதை இடிக்கிறது" என்கிறார்கள். இடிக்கவில்லை. ஸ்போக் சொன்னது, ஒன்றும் மாறாமல் அப்படியே போனால் எத்தனை ஆண்டு என்ற கணக்கு. அந்தக் கணக்கைக் கேட்ட அதே நிமிடத்தில் கிர்க் அதை மாற்றியும் விட்டார். கிர்க்கின் நல்லெண்ணம் அத்தனை கோடிப் பேரை அடிமையாக்கியது என்ற கனம் அந்த 1994 எபிசோடில் இருக்கிறது. எண் இடிக்கிறது என்று சொல்லி ஒதுக்கினால் அந்தக் கனம் கைக்கு வராமலே போய்விடும்.

இன்னொரு தவறு, இரண்டு உலகத்திலும் காலண்டர் ஒன்றாக ஓடுகிறது, கடக்கும் வழியும் ஒன்றே என்று நினைப்பது. 1967ல் ஆள் மாற்றம் நடந்தது. 1994ல் 'டீப் ஸ்பேஸ் நைன்' அதிகாரிகள் கிராவும் பஷீரும் கப்பலோடு புழுத்துளை வழியாகப் போனார்கள், பதிலுக்கு யாரும் இங்கே வரவில்லை. 1968 எபிசோடில் கிர்க் உள்ளே இருக்கும்போதே மறைந்த டிஃபையன்ட், கண்ணாடி உலகத்தில் 2155ல் போய்ச் சேர்ந்தது, அதாவது ஒரு நூற்றாண்டுக்கு மேல் பின்னால். டிஸ்கவரி கப்பல் கண்ணாடி உலகத்திலிருந்து திரும்பி வரும்போது ஒன்பது மாதம் தாண்டிவிட்டது. "அப்போது அங்கே யார் ஆட்சி" என்று வாதிடும் முன் எந்த வழியில் போனார்கள் என்று பார்ப்பது நல்லது.

"டிஸ்கவரியில் எல்லோருக்கும் தெரிந்த உலகம் பத்து வருடம் கழித்து கிர்க்குக்கு எப்படித் தெரியாமல் போகும்?" என்ற கேள்விக்கு அதே சீசனில் விடை இருக்கிறது. அந்த விவரம் முழுவதையும் ரகசியமாக்கிப் பூட்டிவிடுகிறார்கள். சீசனை முடிக்காமல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

திரையில் வந்ததையும் வெளியே சொல்லப்பட்டதையும் கலப்பதும் பெரிய குழப்பம். 1993ல் வந்த ஒரு நாவலில் பிக்கார்ட் காலத்திலும் பேரரசு கொடிகட்டிப் பறக்கிறது, அடுத்த ஆண்டு தொலைக்காட்சி வேறு மாதிரி சொல்லிவிட்டது, திரை சொன்னதுதான் நின்றது. 2016ல் நடிகரும் திரைக்கதையாளருமான சைமன் பெக், நீரோவின் வருகை 2233க்கு முன்னாலும் வரலாற்றை அசைத்திருக்கலாம் என்று எழுதினார். எனக்கு அந்த யோசனை பிடிக்கும். ஆனாலும் அது எழுதியவரின் விளக்கம், படத்தில் யாரும் சொன்னதில்லை. வாதத்தில் வைக்கும்போது அப்படியே சொல்லி வைக்க வேண்டும்.

அதே சமயம் எல்லாவற்றையும் ஒட்டுப் போட்டே தீருவேன் என்று நிற்பதும் சரியில்லை. கண்ணாடி உலகத்து மனிதர்களுக்கு வெளிச்சம் கண்ணில் குத்தும், நம் பக்கத்துக் கேப்டன்போல் நடித்த லோர்கா அதில்தான் மாட்டினார் என்றது டிஸ்கவரி. ஆனால் ஜெனிஃபர் அங்கிருந்து நம் பக்கத்து விண்நிலையத்துக்கு வந்து உலாவியபோது கண்ணைக்கூடச் சுருக்கவில்லை. 1996ல் எழுதியவர்களுக்கு 2018ல் இப்படி ஒரு விதி வரும் என்று எப்படித் தெரியும்? இந்தத் தையல் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பொருந்துமா பொருந்தாதா என்று என்னால் இன்னும் முடிவு செய்ய முடியாதது ஒன்று இருக்கிறது. 2020ன் 'டெரா ஃபர்மா' என்ற டிஸ்கவரி எபிசோடில், காலத்தைக் கடக்க வழிவிடும் காலக் காவலன், கண்ணாடி உலகத்தின் முன்னாள் பேரரசி ஜார்ஜியூவை அவளுடைய பழைய பேரரசுக்கே திருப்பி அனுப்புகிறான். அங்கே அவள் இந்த முறை வேறு மாதிரி நடந்துகொள்கிறாள், அடிமையாக இருந்த சாருவைக் காப்பாற்றுகிறாள், செத்துப் போகிறாள், கண் விழித்தால் பனி படர்ந்த அதே இடம். அது வெறும் சோதனை, கனவு மாதிரி என்று ஒரு கட்சி. கண்ணாடி உலகத்துக்கே ஒரு கிளை முளைத்துவிட்டது என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாம் கட்சிப் பக்கம் சாய்கிறேன். காரணம், அவள் மயங்கி விழுந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்கிறாள் அருகில் நின்ற டிஸ்கவரி அதிகாரி பர்னம், ஆனால் ஜார்ஜியூவின் கையில் கட்டியிருந்த கருவியில் மூன்று மாதத்து உடல் பதிவுகள் இருந்தன.