நெட் இல்லாத ஊரில் வைஃபை எதற்கு?

மலைமேல் ஒரு பள்ளியில் ஆண்டு மலர் வேலை. ஆறு ஆசிரியர்கள், ஆறு லேப்டாப், ஒரே ஒரு பென்டிரைவ். இரண்டாம் நாள் பார்த்தால் அதற்குள் ‘மலர் கடைசி’, ‘மலர் கடைசி புதுசு’, ‘இதுதான் கடைசி’ என்று மூன்று கோப்புகள். “நெட் மட்டும் இருந்தா எல்லாரும் ஒரே இடத்துல எழுதியிருக்கலாம் சார்” என்றார் தமிழாசிரியை. “நெட் வேண்டாம் டீச்சர், பீரோமேல கெடக்கிற பழைய ரவுட்டரைக் கொடுங்க” என்றேன்.

வைஃபை வேறு, நெட் வேறு. ரவுட்டர் தன்னைச் சுற்றியுள்ள கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும். வெளியிலிருந்து கேபிள் வராவிட்டாலும் அந்த வேலை நிற்காது.

முதலில், வீட்டிலேயே. நெட் இருக்கும்போதே, பலர் ஒரே தாளில் ஒரே நேரத்தில் எழுத உதவும் ஈதர்பேட் என்ற இலவச மென்பொருளை ஒரு லேப்டாப்பில் நிறுவி, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தனக்கு வேண்டிய துணைப் பொதிகளை அது அப்போதுதான் இறக்கிக்கொள்ளும். மலையேறிய பிறகு நினைவு வந்தால் இறங்கித்தான் வரவேண்டும். கோப்புகளை அனுப்ப லோக்கல்சென்ட் செயலியையும் எல்லாக் கருவிகளிலும் போட்டுவிடுங்கள்.

ரவுட்டர். மின்சாரத்தில் இருக்கும்போதே ரீசெட் துளையில் குண்டூசியை விட்டுப் பத்து விநாடி அழுத்துங்கள். பழைய அமைப்புகள் அழிந்துவிடும். அடியில் உள்ள ஸ்டிக்கரில் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. பிரவுசரில் அதைத் திறந்து வைஃபைக்குப் பெயர் வைத்து, பாதுகாப்பு வகையாக டபிள்யூபிஏ2-வைத் தேர்ந்து பாஸ்வேர்டும் கொடுங்கள். டிஎச்சிபி இயங்கட்டும், வருகிற கருவிகளுக்கு முகவரி தருவது அதுதான். ‘ஏபி ஐசொலேஷன்’ என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்காது. வெளியிலிருந்து வரும் நெட் கேபிளுக்கான ‘வான்’ (WAN) துளை காலியாகவே இருக்கட்டும்.

லேப்டாப். ஈதர்பேட் ஓடும் லேப்டாப்பின் முகவரி நாளுக்கு நாள் மாறினால் தொல்லை. ரவுட்டர் அமைப்புகளில் டிஎச்சிபி என்ற பக்கத்தைத் திறந்து அதற்கென்று ஒரு முகவரியை ஒதுக்குங்கள், 192.168.0.100 என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் என்றால் இந்த வைஃபையை ‘பிரைவேட்’ ஆக்கி, ஃபயர்வால் கேட்கும்போது அனுமதி கொடுங்கள். மூடியை மூடினாலும் தூங்கிவிடாதபடி அமையுங்கள்.

இனி கரும்பலகையில் 192.168.0.100:9001 என்று எழுதிப்போட்டால் போதும் (9001 என்பது ஈதர்பேட்டின் வாசல் எண்). எல்லோரும் பிரவுசரில் அதைத் தட்டி, பக்கத்துக்கு ஒரே பெயரைக் கொடுத்தால் ஒரே தாளில் எழுதலாம். ஒவ்வொருவர் எழுத்தும் ஒவ்வொரு நிறத்தில் தெரியும். கணக்கு வாத்தியார் ஒரு வரியை அழிப்பதை டீச்சர் தன் திரையில் பார்த்து, “அது என் வரி!” என்று அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்தார்.

போன்கள் ஓடிப்போகும். நான் அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டது இங்கேதான். போன்கள் இணைந்த வேகத்தில் கழன்றன. பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றினேன், பழி ரவுட்டர்மேல். உண்மையில், ஆண்ட்ராய்டு போன் வைஃபையில் இணைந்ததும் கூகுளின் சர்வர் ஒன்றைத் தட்டிப் பார்க்கும். பதில் வராவிட்டால் ‘இங்கே நெட் இல்லை’ என்று முடிவுகட்டி, தண்ணீர்த்தொட்டிப் பக்கம் கிடைக்கும் ஒற்றைக்கோடு சிக்னலுக்குத் தாவிவிடும். மொபைல் டேட்டாவை அணையுங்கள். ‘நெட் இல்லை, இருந்தாலும் இணைந்திருக்கவா?’ என்று கேட்டால் ஆம் சொல்லுங்கள்.

தூரம் போதவில்லையா? இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட், அதாவது முதல் ரவுட்டரின் வைஃபையை நீட்டும் கருவி, ஆக்கலாம். அதன் முகவரியை 192.168.0.2 என மாற்றி, டிஎச்சிபியை அணைத்து, இரண்டின் ‘லான்’ (LAN) துளைகளையும், அதாவது உள்ளூர்க் கருவிகளுக்கான துளைகளை, கேபிளால் இணையுங்கள். கேபிள் 100 மீட்டருக்குள் இருக்கட்டும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு இரண்டிலும் ஒன்றே. சேனல் (அலைவரிசை எண்) மட்டும் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 6 அல்லது 11.

கரண்ட் போகிற ஊர் என்றால் ரவுட்டருக்கான சின்ன யுபிஎஸ் வாங்கலாம். அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். 12 வோல்ட்தான் அதிகம், 9 வோல்ட்டும் உண்டு.

சாயங்காலம் லேப்டாப்பை அணைக்குமுன் ஏற்றுமதி பொத்தானை அழுத்தி ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். நாங்கள் அதே பழைய பென்டிரைவில்தான் எடுத்தோம். கோப்புக்குப் பெயராகத் தேதியை மட்டும் வைத்தோம்.