தத்தெடுத்த பிள்ளையோடு வெளிநாட்டில் முதல் 3 வாரங்கள்

எங்கள் மகளை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தபோது அவளுக்கு 8 வயது. வேறு நாடு, வேறு மொழி. நீதிமன்ற உத்தரவும் பாஸ்போர்ட்டும் விசாவும் கைக்கு வரும்வரை ஒரு வாடகை அறையில் 23 நாட்கள் மூவரும் இருந்தோம். கிளம்புவதற்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அங்கே நினைத்ததையெல்லாம் எழுதுகிறேன்.

முதல் வேலை, பிள்ளையிடம் இதுவரை என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, பிள்ளையின் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப விஷயத்தை எடுத்துச் சொல்லி, அவர்கள் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்கிறது. எங்கள் மகளிடமும் கேட்டிருந்தார்கள். அவளும் சரி என்றிருந்தாள். ஆனால் அவள் புரிந்துகொண்டது, ஒரு பயணம் போய்விட்டுத் திரும்பி வரப்போகிறோம் என்று. மூன்றாம் நாள் மொழிபெயர்ப்பாளர் மூலம்தான் அது எங்களுக்குத் தெரிந்தது. அன்று அவள் அழுத அழுகையை முதல் நாளே அழவிட்டிருக்க வேண்டும்.

அழும்போது 'அழாதே' என்று சொல்லாதீர்கள். அவளுக்குத் தெரிந்த கட்டில், தோழிகள், சமையலறை வாசனை எல்லாமே ஒரே நாளில் போயிருக்கிறது. பக்கத்தில் உட்காருங்கள், போதும். அவளை வளர்த்தவர்களோடு நிற்கும் படங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள். அவள் போட்டுக்கொண்டு வந்த சட்டையை உடனே துவைத்துவிடாதீர்கள். புதுச்சட்டை வாங்கிக் கொடுத்தாலும் பழையதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எங்கள் மகள் தூங்கினாள்.

அப்புறம், ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசையை மூட்டை கட்டி வையுங்கள். இவ்வளவு தூரம் வந்திருக்கிறோமே என்று தோன்றும். ஆனால் எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று ஊகிக்க முடியாமல் வளர்ந்த பிள்ளைக்கு, ஒரே மாதிரியான நாட்கள்தான் மருந்து. நாங்கள் தினமும் ஒரே பூங்காவுக்கு, ஒரே வழியில், ஒரே நேரத்தில் போனோம். ஒரு தாளில் 23 கட்டம் வரைந்து, கடைசிக் கட்டத்தில் விமானம் வரைந்து சுவரில் ஒட்டினேன். ஒவ்வொரு இரவும் அன்றைய கட்டத்தை அவளே அடித்துவிடுவாள். வெளியே போகும்போது தங்குமிடத்தின் பெயரையும் உங்கள் எண்ணையும் அந்த ஊர் மொழியில் எழுதி அவள் பையில் வையுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் வேண்டிய விஷயம். வளர்ந்த பிள்ளைகள் பல நேரம் இரண்டு பேரில் ஒருவரைத்தான் முதலில் ஏற்றுக்கொள்வார்கள். பெண்களே பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் வளர்ந்தவளுக்கு ஆண் குரலே பழக்கம் இல்லை. இரண்டாம் நாளே என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அறைக்குள் வந்தால் என் மனைவியின் பின்னால் போய் நின்றுகொள்வாள். மனசு வலிக்கத்தான் செய்யும். அதைப் பிள்ளையிடம் காட்டாதீர்கள், 'அப்பாகிட்ட போ' என்று தள்ளவும் விடாதீர்கள். அதற்குப் பதிலாகச் சில வேலைகளை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலை நிரப்புவது, ஷூ லேஸ் கட்டுவது, அறைக் கதவைத் திறப்பது எல்லாம் நான் மட்டும்தான்.

நாலாம் நாள் சாயங்காலம் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். தரையில் உட்காருவது நல்லது, நம் உயரம் அவர்களை மிரட்டாது. அவள் கட்டிலில் இருந்து இறங்கி, கை எட்டாத தூரத்தில் வந்து நின்றாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இடது கைச் சுண்டுவிரல் மட்டும் என் முன்னால் நீண்டது. வெட்டினேன். உடனே கையை இழுத்துக்கொண்டு அவள் மொழியில் 'போதும்' என்றாள். நிறுத்திவிட்டேன். மறுநாள் அதே நேரத்துக்கு மோதிர விரல். அடுத்த நாள் நடுவிரல். ஒன்று குட்டை, மற்றதெல்லாம் நீளம் என்று பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. ஒரேயடியாக வெட்டிவிடலாமே என்று என் மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். 10 விரலுக்கு 10 நாள் ஆனது. தொட்டால் வலிக்காது, போதும் என்றால் இவர் நிறுத்திவிடுவார் என்று அவளுக்குத் தெரிய அத்தனை நாள் வேண்டியிருந்தது.

அந்த 'போதும்' மிக முக்கியம். பிள்ளையின் மொழியில் 20 வார்த்தையாவது படித்துக்கொண்டு போங்கள்: பசிக்கிறதா, வலிக்கிறதா, பயமா, கழிப்பறை, போதும். 'நான் கீழே போகிறேன், திரும்பி வந்துவிடுவேன்' என்பது போன்ற வாக்கியங்களை மொழிபெயர்ப்பாளரைப் பேசச் சொல்லி போனில் பதிந்து வைத்துக்கொள்ளலாம்.

தலையணைக்கு அடியில் பிஸ்கட் ஒளித்து வைத்திருந்தால் எடுக்காதீர்கள், திட்டாதீர்கள். ஒரு டப்பா கொடுத்து அது எப்போதும் நிறைந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஷூ போட்டுக்கொண்டே தூங்கினாலும் விட்டுவிடுங்கள். முன்பின் தெரியாதவர்களிடமும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் பிள்ளையாக இருந்தால், சாப்பாடு, தண்ணீர், மருந்து எதுவானாலும் உங்கள் இருவர் கையிலிருந்து மட்டுமே போகட்டும். உதவ வரும் நல்லவர்களிடம் இதை நயமாகச் சொல்லிவிடலாம்.

கிளம்புவதற்கு முந்தின இரவு, நகம் மறுபடி வளர்ந்திருந்தது. இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள்.

விமானத்தில் அவளை இருவருக்கும் நடுவில் உட்கார வையுங்கள். நீங்கள் முறைவைத்துத் தூங்குங்கள், ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் உறிஞ்சும் சத்தம் புதிதாகக் கேட்கும் பிள்ளையை நடுங்க வைக்கும், அதனால் கதவைத் திறந்து வைத்து ஒருமுறை அழுத்திக் காட்டிவிடுங்கள். விமானம் கீழே இறங்கும்போது காது அடைக்கும். என்ன ஆகிறதென்று சொல்லத் தெரியாமல் பயந்துபோவார்கள். எங்கள் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வாயை நன்றாகத் திறந்து கொட்டாவி விட்டுக் காட்டினேன். அவளும் விட்டாள். காது திறந்தது தெரிந்ததும் முகம் மாறியது. உடனே, கண்ணை மூடிச் சாய்ந்திருந்த அம்மாவைத் தட்டி எழுப்பி, வாயைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தாள்.