வலியும் சர்க்கரையும் ஒரே நோட்டில்

வலது முழங்கால் மூட்டை மாற்றிய ஐந்தாம் நாள் வேலூரிலிருந்து அணைக்கட்டுக்கு வீடு வந்து சேர்ந்தேன். பதினான்கு வருடமாகச் சர்க்கரை. காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின். மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்தால் 243. தப்பாக எதையும் சாப்பிடவில்லை. வலி மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்று பயந்து, ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன், அவ்வளவுதான்.

டாக்டரிடம் போனில் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. அறுவை சிகிச்சை உடம்புக்கு ஒரு பெரிய காயம். அதன் மேல் வலியும் சேர்ந்தால் கார்டிசால், அட்ரினலின் என்கிற ஹார்மோன்கள் எல்லாம் கூடுதலாகச் சுரக்கும். அவை கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்துக்குள் தள்ளிவிடும், இன்சுலினையும் சரியாக வேலை செய்ய விடாது. சர்க்கரை ஏறியே இருந்தால் தையல் ஆறத் தாமதமாகும், கிருமி பிடிக்கும். புது மூட்டுக்குள் கிருமி போய்விட்டால் மறுபடி காலைத் திறக்க வேண்டி வரலாம். அடுத்த மாதம் என் நாத்தனாருக்கும் இதே ஆபரேஷன். அவளுக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான்: வலியைப் பொறுத்துக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கோடு போடுங்கள். நேரம், சர்க்கரை, வலி, மாத்திரை, சாப்பாடு என்று ஐந்து கட்டம். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் போட்டால் போதும். நான் காலை வெறும் வயிற்றில், மதியம், ராத்திரி சாப்பாட்டுக்கு முன், படுக்கும்போது என நான்கு முறை பார்த்தேன். எனக்கு 100லிருந்து 180க்குள் இருக்கச் சொன்னார்கள்; உங்கள் அளவை உங்கள் டாக்டர் சொல்லட்டும். விரலைக் குத்தும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் உரித்த கையோடு பார்த்தால் மெஷின் தப்பாகத்தான் காட்டும். ஒரு வாரம் எழுதியதும் கண்ணுக்கே தெரிந்தது: வலி 7 என்று எழுதிய ராத்திரிகளுக்கு அடுத்த காலையெல்லாம் சர்க்கரை 200க்கு மேல்.

வலி மாத்திரையைக் கடிகாரம் பார்த்துப் போடுங்கள். வலி உச்சிக்கு ஏறிய பிறகு போட்டால் அது இறங்கவே நேரமாகும். பிசியோதெரபி சொல்லித்தருபவர் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஒரு வேளை மாத்திரை வருகிற மாதிரி டாக்டரிடம் கேட்டு அமைத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் முட்டி மடங்கியது. என் கிட்னி பயத்திலும் பாதி நியாயம் உண்டு. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகையை மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். பாராசிட்டமால் எழுதிக் கொடுத்திருந்தால், சளிக்குப் போடும் மாத்திரையிலும் அதுவே இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். டிராமடால் மாதிரி கொஞ்சம் வலுவானது போட்டால் குமட்டும், மலம் கட்டும்.

அந்தக் குமட்டலில்தான் எனக்கு ஒரு கண்டம் வந்தது. எட்டாம் நாள் இன்சுலின் போட்டுக்கொண்டேன், இரண்டு வாய் இட்லி, அப்படியே வாந்தி. அரை மணி நேரத்தில் கை நடுக்கம், வேர்வை. பார்த்தால் 58. மகள் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 84. 70க்குக் கீழே போனால் இப்படித்தான் செய்ய வேண்டும், இறங்கியே இருந்தால் திரும்பவும் கொடுக்க வேண்டும். சாப்பிட முடியாத நாளில் இன்சுலின் எவ்வளவு போடுவது என்று வீட்டுக்கு வரும் முன்பே கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் இளநீர், ஹார்லிக்ஸ், ஆற்காடு மக்கன் பேடா என்று அன்போடுதான் கொண்டு வருவார்கள். வாங்கிப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். புண் ஆறப் புரதம் வேண்டும்: முட்டை, பருப்பு, சுண்டல், மீன். கேழ்வரகு நல்லதுதான், ஆனால் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறுகிறது. சின்ன உருண்டைக் களி, நிறைய முருங்கைக்கீரை என்று வைத்துக்கொண்டேன்.

ஐஸ் பையைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் மட்டும் வையுங்கள். பல வருடச் சர்க்கரையில் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், தோல் புண்ணாவது தெரியாது. எடுத்ததும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு ஆபரேஷன் நடந்தது மே மாதம். நம் ஊர் வெயில் தெரியும்தானே? பிரித்த இன்சுலின் 30 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. பிரிட்ஜ் இருந்தும் கரண்ட் போய்ப் போய் வந்ததால், பாட்டிலைக் கவரில் போட்டு, ஈர மணல் நிரப்பிய மண்சட்டியில் வைத்தேன். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பாவை ஈரம் படாமல் இறுக மூடி வையுங்கள்.

கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் மகள் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டினாள். தையலில் சீழ், சிவப்பு, காய்ச்சல், 300க்கு மேல் போய் இறங்காத சர்க்கரை — உடனே டாக்டருக்குப் போன். கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் — அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி — 108.