கரைப்பறவைகள் திரும்பும் பருவத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர் தொடங்கிய பிறகுதான் வலசைப் பறவைகள் வரும் என்று காத்திருப்பதே பலர் செய்யும் முதல் தவறு. வட துருவத்தை ஒட்டிய தூந்திரப் பகுதியில் கோடை மிகக் குறுகியது என்பதால், அங்கே கூடு கட்டும் உள்ளான்கள், உப்புக்கொத்திகள் ஆகிய கரைப்பறவைகளில் முதிர்ந்த பறவைகள் ஜூலையிலேயே தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. இனப்பெருக்கம் கைகூடாதவை அதற்கும் முன்பே கிளம்புவதுண்டு. அந்த ஆண்டு பொரித்த குஞ்சுகள் சில வாரங்கள் கழித்து, பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், வழிகாட்டப் பெற்றோர் இல்லாமலேயே பயணம் செய்கின்றன. அக்டோபரில்தான் முதன்முதலாக நீர்நிலைக்குப் போகிறவர் இந்த இரண்டு அலைகளின் பெரும்பகுதியையும் தவறவிட்டுவிடுகிறார்.

கடலோரத்தில் கடிகாரத்தை மட்டும் நம்பிப் போவதும் ஏமாற்றத்தையே தரும். கடல்நீர் வடிந்து வற்றம் முற்றிய வேளையில் பறவைகள் கண்ணுக்கெட்டாத தொலைவுவரை சேற்றுவெளியில் சிதறிக் கிடக்கும். முழு ஏற்றத்தில் உயரமான திட்டுகளில் ஒடுங்கி உறங்கும். நீர் ஏறிக்கொண்டே வந்து அவற்றைக் கரையை நோக்கித் தள்ளும் இடைப்பட்ட நேரமே பார்ப்பதற்கு ஏற்றது. ஓதம், அதாவது கடல்நீரின் இந்த ஏற்ற இறக்கம், நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், நேற்று வாய்த்த நேரம் அடுத்த வாரம் வாய்க்காது.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, கூட்டத்தை நோக்கி நேராக நடப்பதுதான். இந்தப் பறவைகளுக்குத் தங்குமிடம் என்பது எரிபொருள் நிரப்பும் இடம். 2022ஆம் ஆண்டு, பிறந்து ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை ஏறத்தாழ 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் கடந்ததை, அதன் உடலில் பொருத்திய கருவி காட்டியது. அப்படிப்பட்ட பயணத்துக்கான கொழுப்பு முழுவதும் சேற்றில் ஒவ்வொரு புழுவாகத் தேடிச் சேர்த்ததே. நாம் ஒருமுறை கிளப்பிவிட்டால், இரை தேடும் நேரமும் சேர்த்த கொழுப்பும் ஒருசேர வீணாகின்றன. பறவைகள் எழுந்து பறப்பதற்கு முன்பே எச்சரிக்கை தெரியும்: மேய்ந்துகொண்டிருந்தவை தலையை நிமிர்த்தும், உறங்கியவை அலகை இறகிலிருந்து வெளியே எடுக்கும், ஓரத்தில் நிற்பவை மெல்ல விலகி நடக்கும். அந்தக் கணமே நின்று, சற்றுப் பின்வாங்கி, உட்கார்ந்துவிட வேண்டும். அசையாமல் காத்திருந்தால் அவையே மேய்ந்தபடி அருகே வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கட்டவிழ்த்த நாயையும் டிரோனையும் அங்கே கொண்டுபோகவே கூடாது.

அடுத்தது, நிறத்தை வைத்து அவசரமாகப் பெயர் சொல்வது. இப்பருவத்தில் ஒரே இனத்தில் மூன்று தோற்றங்கள் அருகருகே நிற்கக்கூடும். வளைமூக்கு உள்ளானையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு முதிர்ந்த பறவையின் வயிற்றில் செங்கல் சிவப்பு இன்னும் திட்டுத்திட்டாக இருக்கும், இன்னொன்று சாம்பல் நிறத்துக்கு மாறியிருக்கும், இளம்பறவையின் முதுகிலோ ஒவ்வோர் இறகுக்கும் வெளிர் விளிம்பு அமைந்து, மீன் செதில் அடுக்கியது போலத் துப்புரவாகத் தெரியும். மூன்றிலும் மாறாதவை கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகும், பறக்கும்போது தெரியும் வெண்ணிறப் பிட்டமும்தான். ஆகவே உடல் அளவு, அலகின் நீளம், கால் நிறம், இரை தேடும் விதம் ஆகியவற்றையே முதலில் குறிக்க வேண்டும். உப்புக்கொத்தி சட்டென ஓடி, நின்று, கொத்தும். உள்ளான்களில் பல நடந்தபடியே சேற்றில் அலகைச் செருகிச் செருகித் துழாவும். இந்த வேறுபாடு, நிறமே தெரியாத தொலைவிலும் கைகொடுக்கும்.

வாத்துகளிலும் இதே சிக்கல் உண்டு. கோடையின் பிற்பகுதியில் ஆண் வாத்துகளில் பல தங்கள் பளிச்சென்ற இறகுகளை உதிர்த்துப் பெண் போன்ற மங்கிய தோற்றத்தில் இருப்பதால், கூட்டத்தில் ஆணே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. தட்டைவாயன் என்னும் வாத்தை அப்போதும் அதன் அகன்ற கரண்டி அலகே காட்டிக்கொடுத்துவிடும்.

சூரியனுக்கு எதிரே நின்று பார்ப்பதையும், நண்பகல் கானல் அலையும்போது தொலைநோக்கியின் உருப்பெருக்கத்தைக் கூட்டுவதையும் தவிருங்கள். பெருக்கம் கூடக் கூட நடுக்கமும் கூடும். அத்தகைய வெளிச்சத்தில் பார்த்த பறவையை உறுதியாக இனங்காண முடியாவிட்டால், குறிப்பேட்டில் ‘சிறு உள்ளான், இனம் தெரியவில்லை’ என்றே எழுதலாம்.