கித்துல்கலையில் இல்லாத பாலத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே பாலம் கிடையாது. 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படத்துக்காக இயக்குநர் டேவிட் லீன் இலங்கையில் இந்தக் கித்துல்கலையில் களனி கங்கையின் குறுக்கே நிஜமாகவே ஒரு மரப்பாலம் கட்டவைத்தார். 1957இல் கடைசிக் காட்சிக்காக அதை ரயிலோடு சேர்த்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கரையில் அதன் அஸ்திவாரம்தான் மிச்சம். ஆகவே போவதற்கு முந்தின இரவு படத்தின் கடைசி அரைமணி நேரத்தையாவது பாருங்கள். பாலமும் பின்னாலுள்ள மலையும் சேர்ந்து தெரிகிற காட்சிகள் இரண்டு மூன்றைப் போனில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை நான் இதைச் செய்யாமல் போய், பத்து நிமிஷத்தில் மனம் சோர்ந்து திரும்பினேன்.

ஹட்டனிலிருந்து அவிசாவளை வழியாகக் கொழும்பு போகிற பஸ்ஸில் ஏறுங்கள். கினிகத்தேனை தாண்டி இறக்கம், வளைவுகள், அப்புறம் கித்துல்கல. டவுனுக்குச் சற்று முன்னாலேயே ரோட்டோரம் பலகை இருக்கும். கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கீழே இருப்பது சிங்களக் கிராமம், "பாலம கொஹேத?" (பாலம் எங்கே?) என்றால் குழந்தைகூடக் கை காட்டும். ஆற்றுக்கு இறங்கும் பாதை வீட்டுத் தோட்டங்களை ஒட்டிப் போகிறது, சத்தம் போடாமல் நடங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மே மாதத்திலிருந்து மழை விடாது, அட்டையும் விடாது. காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போங்கள். தண்ணீரில் மட்டும் அவசரப்பட்டு இறங்காதீர்கள். மேலே நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன, அங்கே தண்ணீர் திறந்துவிட்டால் வெயிலடிக்கிற நாளிலும் ஆறு திடீரென்று ஏறும். ஊர்க்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கரையில் நின்று போனைக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். மரங்கள் மாறியிருக்கும், மலையின் விளிம்பு மாறாது. அந்தக் கோடு படத்தோடு பொருந்தும்வரை முன்னும் பின்னும் நகருங்கள். பொருந்தியதும் ஆற்றின் குறுக்கே பாலம் எழுந்து நிற்பதுபோல் இருக்கும். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள். படத்தில் இந்த ஆறு தாய்லாந்து ஆறாக வருகிறது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜப்பானியர் அங்கிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதையில், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். படம் அந்தப் பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் கதையைத்தான் சொல்கிறது. என் தாத்தாவின் தம்பி மலாயாவுக்குப் போனவர். யுத்தத்துக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. அவர் அந்தப் பாதையில்தான் போனாரா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தோட்டத்து லயத்தில் பிறந்த நமக்கு இந்த இடம் வெறும் சினிமா இடம் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இதையும் சொல்லுங்கள்.

திரும்பும்போது கித்துல்கல ரெஸ்ட்ஹவுஸில் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். படப்பிடிப்புக் காலத்துப் புகைப்படங்களைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். பாலம் முழுசாக நிற்பதை அங்கே பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் நாலு மணிக்கே ரோட்டுக்கு வந்துவிடுங்கள், ஹட்டன் பஸ் நிரம்பித்தான் வரும்.