தாளம் போட்டு ஜதி சொல்லப் பழகுவது எப்படி? மேல்தரப் பரதப் பரீட்சைக்கு ஒரு செய்முறை

திருகோணமலையில் வாரத்துக்கு ஒருநாள் டான்ஸ் வகுப்பு, மற்ற நாளெல்லாம் ரியூசன் என்று ஓடும் பிள்ளைகள் தரம் தரமாகப் பரீட்சை வைக்கும் வட இலங்கைச் சங்கீத சபையின் மேல்தரங்களுக்கு வரும்போது, ஆட்டத்தைவிட வாயால்தான் அதிகம் தடுமாறுவார்கள். "தீர்மானத்தைத் தாளம் போட்டுச் சொல்லுங்கோ பார்ப்பம்" என்று பரீட்சகர் கேட்டதும் கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். (தகதிமி போன்ற ஆட்டச் சொற்கள்தான் ஜதி; ஒரு ஜதிக் கோவையை முடித்துவைக்கும் பகுதி தீர்மானம்.) வகுப்பில் ஜதி சொல்வதும் தட்டுக்கழி பிடிப்பதும் டீச்சர்தானே! காலுக்குத் தெரிந்த கணக்கு வாய்க்குப் போய்ச் சேர்வதே இல்லை.

முதலில் கையைச் சரிசெய்யுங்கள். ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை: அடி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அடி, வீச்சு, அடி, வீச்சு. போனில் மெட்ரோனோமை (சீராக டிக் டிக் என்று அடிக்கும் செயலி) நிமிடத்துக்கு 60 என்று வைத்து, வாய் திறக்காமல் கையை மட்டும் போடுங்கள். வீச்சில் உள்ளங்கை மேலே திரும்ப வேண்டும். பலர் அதையும் தட்டிவிடுவார்கள். பிறகு எந்த இடத்தில் நிற்கிறோம் என்றே தெரியாது.

அடுத்தது சொற்கட்டு. மூன்றாம் காலத்தில், அதாவது மூன்று வேகங்களில் ஆக விரைவானதில், ஓர் எண்ணிக்கைக்கு 4 மாத்திரை (ஓர் அசை சொல்லும் நேரம்), ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்று) 32. பழகுவதற்கு இந்தச் சிறிய தீர்மானம் போதும் (கோடு ஒவ்வொன்றும் ஒரு மாத்திரைக் கார்வை, அதாவது சொல் இல்லாத இடைவெளி):

தகதிமி தகஜொணு தகதகிட
ததிங்கிணதொம் – –
ததிங்கிணதொம் – –
ததிங்கிணதொம்

மேல்வரி 4+4+5, அதாவது 13. ததிங்கிணதொம் ஐந்து மாத்திரை. மூன்று தரத்துக்கு 15. நடுவில் கார்வை 2+2. மொத்தம் 32. மனப்பாடம் செய்வதற்கு முன்பே இந்தக் கணக்கைக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். எழுதாத பிள்ளை கார்வையை விழுங்கிவிட்டு, தாளம் முடிவதற்குள் தீர்மானத்தை முடித்துவிட்டு நிற்கும்.

மூன்றாம் காலத்தில் இது கையோடு எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். தகதிமி முதல் அடியில், தகஜொணு சுண்டுவிரலில், தகதகி மோதிரவிரலில். மிச்சமிருக்கும் 'ட' நடுவிரலில் விழும். முதல் ததிங்கிணதொம் அதற்கு அடுத்த மாத்திரையில்தான் எழும்பும். கையும் சொல்லும் அங்கே ஒன்றாகத் தொடங்காததால்தான் எல்லோரும் அந்த இடத்தில் சறுக்குகிறார்கள். இரண்டாவது ததிங்கிணதொம் ஆறாம் எண்ணிக்கையான வீச்சில் நேராகத் தொடங்கும். அதுதான் உங்கள் பிடிமானம். மூன்றாவது, ஏழாம் எண்ணிக்கையின் கடைசி மாத்திரையில் 'த' என்று எழும்பி, கடைசி வீச்சோடு முடியும்.

ஆனால் மூன்றாம் காலத்தில் தொடங்காதீர்கள். முதல் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு மாத்திரை, ஆகவே 4 ஆவர்த்தனம். இரண்டாம் காலத்தில் இரண்டிரண்டாக, 2 ஆவர்த்தனம். மூன்றாம் காலத்தில் நான்கு நான்காக, ஒரே ஆவர்த்தனம். மூன்று காலமும் நிறுத்தாமல் சொன்னால் 7 ஆவர்த்தனம். 60இல் வைத்தால் 56 விநாடி. காலம் மாறும்போது வாய்தான் வேகம் மாறும், கை மாறக்கூடாது. மெட்ரோனோமை நிறுத்தியதும் கையும் வாயோடு சேர்ந்து ஓடுகிறதா என்று போனில் வீடியோ எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதல் காலம் சுலபம் என்று நினைப்பது தப்பு. அங்கே கார்வை என்றால் இரண்டு முழு எண்ணிக்கை மௌனம், பொறுமையில்லாமல் பாய்ந்துவிடுவோம். சரிபார்க்க ஓர் அடையாளம்: இரண்டாவது 'தொம்', நான்காம் ஆவர்த்தனத்தின் முதல் அடியில் விழ வேண்டும்.

இருந்து சொல்ல வந்தபின் நடந்து சொல்லுங்கள். டச்பே கரையோரம் போகும்போது ஒரு காலடிக்கு ஓர் எண்ணிக்கை. (காலால் தட்டிப் பழக மட்டும் மணலுக்குப் போகாதீர்கள்; தட்டின் சத்தம் கேட்காது, கணுக்காலும் புரளும்.) கடைசியாக அரைமண்டியில் (முழங்கால்களை வெளிப்பக்கம் மடித்து அரைவாசி தாழ்ந்த நிலை) நின்று, வாயால் சொல்லிக்கொண்டே தட்டுங்கள். வெறும் சீமெந்துத் தரையில் நீண்டநேரம் தட்டினால் முன்னங்கால் எலும்பு நோகும். பத்து நிமிடத்தோடு விடலாம். கச்சான் (தென்மேற்கு) காற்று அடிக்கும் மாதங்களில் தொண்டை சீக்கிரம் வறண்டுபோகும். விடியற்காலையில் பழகுங்கள், பக்கத்தில் இளஞ்சூட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தரம் நடுவில் இருந்தும் சொல்லிப் பாருங்கள். பரீட்சகர் அப்படிக் கேட்டால் முதல் வரியிலிருந்துதான் வருகிறது என்றால் சரிவராது. பரீட்சை அறையில் பதற்றத்தில் கையை வேகமாகத் தொடங்கினால் மூன்றாம் காலத்தில் நாக்கு உருளாது. அதனால் அங்கே உட்கார்ந்ததும் மூன்றாம் காலத்தை மனதுக்குள் ஒரு தரம் ஓடவிட்டு, அது நிதானமாக வருகிற வேகத்தில் முதல் அடியைப் போடுங்கள்.