போர்டை மாற்றிய கதை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்கு பஸ் ஏறிப் போய் ரைசன் 5 3600 என்ற கம்ப்யூட்டர் பிராசஸரை வாங்கினேன். வேகப் பூட்டு இல்லாத, நாமே வேகத்தைக் கூட்டிக்கொள்ளக்கூடிய பிராசஸர்தானே என்று மிச்சம் பிடித்து ஏ520 மதர்போர்டை எடுத்தேன். வீட்டில் பயாஸை (போர்டின் அமைப்புத் திரையை)த் திறந்தால் வேகத்தைக் கூட்டும் இடமே காணோம். ஏ520 என்ற அந்த சிப்செட்டில் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது வேகத்தைக் கூட்ட, முடியாது; பி450, பி550-இல் முடியும். பெட்டியைப் படிக்காதது என் தப்பு.

சரி, பழைய பி450 ஒன்று கிடைத்தது. பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் மேல், சூட்டை இழுக்கும் தடித்த ஹீட்சிங்க் இருக்கிறதா என்று முதலில் விரலால் தடவிப் பார்த்தேன். 4.1 கிகாஹெர்ட்ஸ், 1.3 வோல்ட் வைத்தேன். பாலக்காட்டு மார்ச் வெயில், பிராசஸர் கூடவே வந்த சின்ன கூலர்: பிராசஸர் சூடு 92 டிகிரி! ஃபேன் இரைச்சலில் அம்மா, "மிக்ஸி ஓடுதா?" என்றார். டவர் கூலர் மாட்டி, 4.0, 1.25 வோல்ட்டுக்கு இறக்கினேன். இப்போது 74-ஐத் தாண்டுவதில்லை.